உடன்படிக்கையும் ஒப்பந்தமும்

தமிழிலே வேதாகமத்தைக் கையிலெடுப்பவர் முதலிற் காண்பன இரண்டு பெயர்கள்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு. இப்பெயர்களைக் கேட்டறியாத மாணாக்கர் நம் நாட்டில் அரியர். ஆயினும், ‘ஏற்பாடு’ என்பதற்கு இங்கே என்ன பொருள் என்று வினவினால், விடை கூறுவோரும் அரியரே. கலியாண ஏற்பாடு, பயண ஏற்பாடு என்று நாம் நாடோறும் வழங்கும் சொல்லாதலின், பழக்கமே பொருளை மறைத்து நிற்கிறது. இப்பெயர்களுக்குப் பின்னே நிற்கும் மூலச்சொல் எபிரேய மொழியிலுள்ள ‘பெரீத்’ என்பதாகும். நூலின் உள்ளே அச்சொல் வருமிடங்களில் நம் மொழிபெயர்ப்பாளர் ‘உடன்படிக்கை’ என்று எழுதினர். கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கருத்துகளுள் இது தலையாயதொன்று.

சைவ மரபில் வளர்ந்த நாம் இப்பொருளை எடுத்தாளுவது ஏன் என்று கேட்போரும் இருக்கலாம். யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது, அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். பிறர் நெறியை அதன் சொல்லறிந்து பொருளறிந்து கற்பது, தம் நெறியில் உறுதியுடையார்க்கு இழுக்கன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அயல் வீட்டார் எதனை உயிரினும் மேலாகப் போற்றுகின்றனர் என்பதை அறியாமல் அவரோடு நூறாண்டு வாழ்ந்தும் என்ன பயன்?

இப்பொருளுக்குள் புகுவார்க்கு ஒரு கேள்வி கைவிளக்காக உதவும். முறிந்துபோன உடன்படிக்கை என்ன ஆகிறது? ஒப்பந்தமாயின் விடை எளிது. நூறு மூடை நெல் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டு தராதொழிந்தால், மற்றவர் பணங்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் அறுந்தவுடன் மறுபக்கம் தானே விடுபடும். உடன்படிக்கையிலும் அவ்வாறே நிகழுமா? வேதாகமத்தின் நெடுங்கதை பெரும்பாலும் இக்கேள்வியைச் சுற்றியே நடக்கிறது எனலாம்.

பிளந்த விலங்குகள்

உடன்படிக்கை ‘செய்தனர்’ என்று நாம் கூறுமிடத்து, எபிரேயர் உடன்படிக்கையை ‘வெட்டினர்’ என்பர். இவ்வழக்கு ஒரு பழஞ்சடங்கிலிருந்து பிறந்ததென்பது அறிஞர் பலரின் கருத்து. விலங்கொன்றை இரு கூறாகப் பிளந்து எதிரெதிரே வைத்து, உடன்படுவோர் அக்கூறுகளின் நடுவே நடந்து செல்வர். வாக்குத் தவறினால் எம் கதியும் இதுவே ஆகுக என்பது அந்நடையின் பொருள். சிரியாவில் அலெப்போ நகருக்கு அண்மையிலுள்ள செஃபிரே என்னுமிடத்திற் கிடைத்த அரமேயக் கல்வெட்டொன்று கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆணை தவறினால், வெட்டுண்ட கன்றைப் போலவே அர்பாத் நாட்டரசன் மத்தியேலும் வெட்டப்படுவான் என்னும் சாபம் அதிலே ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டுள்ளது.

இனி, ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்துக்கு வருவோம். ஆபிராம் முதியவர்; பிள்ளையற்றவர். அவருடைய சந்ததி வானத்து மீன்களைப் போலப் பெருகும் என்றும், அவர் பரதேசியாய்த் தங்கியிருக்கும் நாடு அச்சந்ததிக்கு உரியதாகும் என்றும் கடவுள் வாக்களிக்கிறார். அதனை எவ்வாறு நம்புவேன் என்று அவர் கேட்கிறார். மூன்று வயதான கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா ஆகியவற்றைக் கொணரும்படி அவருக்குக் கட்டளை பிறக்கிறது. அவற்றைப் பிளந்து எதிரெதிரே வைத்து, பிணந்தின்னும் பறவைகளை ஓட்டியபடி அவர் காத்திருக்கிறார். பொழுது சாய்கிறது. அயர்ந்த உறக்கமும் பேரச்சமும் அவரைக் கவிகின்றன. அப்பொழுது புகைகின்ற சூளையும் எரிகின்ற பந்தமும் அக்கூறுகளின் நடுவே கடந்து செல்கின்றன.

வாசகர் இங்கே சற்று நிற்றல் வேண்டும். நடுவே கடந்தது கடவுளின் அடையாளமாகிய நெருப்பு. ஆபிராம் நடக்கவில்லை, அவர் உறக்கத்தில் ஆழ்ந்திருந்தார். சாபத்தின் பாதையில் இருவரும் நடக்கவேண்டிய சடங்கிலே, வலியவர் ஒருவரே நடந்தார். இக்காட்சியைக் கடவுள் தம்மைத் தாமே ஆணையிட்டுக் கட்டிக்கொண்டதாகக் கிறிஸ்தவ உரையாசிரியர் பலர் விளக்குவர். மெலியவன் ஆணையிடுவதும் வலியவன் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பதுமே உலகியல். அது இங்கே தலைகீழாயிற்று.

சீனாய் மலையில்

மோசேயின் காலத்துச் சீனாய் உடன்படிக்கையோ வேறு வகையினது. அங்கே மக்களுக்கும் கடமை உண்டு. பத்துக் கட்டளைகள் உண்டு. துருக்கியிலுள்ள பொகாஸ்கோய் என்னுமிடத்தில் 1906ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வில், ஏத்தியப் பேரரசின் களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றுள்ளே பேரரசன் தன் கீழ்ச் சிற்றரசரோடு செய்த உடன்படிக்கைகளும் இருந்தன. அவற்றின் அமைப்பு ஓர் ஒழுங்குடையது. முதலிற் பேரரசனின் பெயர், அடுத்து அவன் அச்சிற்றரசனுக்கு முன்னர்ச் செய்த நன்மைகள், அதன் பின்னரே கட்டளைகள், பின்பு ஏட்டைக் கோயிலில் வைத்துக் காலந்தோறும் வாசித்தல், சாட்சிகள், இறுதியில் ஆசியும் சாபமும். அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் மென்டன்ஹோல் 1954ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், சீனாய் உடன்படிக்கை இவ்வமைப்பை ஒத்தது என்று எடுத்துக்காட்டினார். உபாகமத்தின் சாபங்கள், கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசரத்தோன் எழுதுவித்த உடன்படிக்கைகளையே மிகுதியும் ஒத்தன என்பர் வேறு சிலர். இவ்வாராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை.

நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இதிலே தெளிவாகின்றது. பத்துக் கட்டளைகளின் முதல் வாக்கியம் கட்டளையன்று. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து அம்மக்கள் மீட்கப்பட்டதை நினைவூட்டும் வாக்கியம் அது. மீட்பு முந்தியது, கட்டளை பிந்தியது. கட்டளையைக் கைக்கொண்டதற்குக் கூலியாக மீட்பு வரவில்லை. மீட்கப்பட்டவன் எவ்வாறு வாழவேண்டும் என்பதற்கே கட்டளை வந்தது. பின்னர் மோசே பலியின் இரத்தத்திற் பாதியைப் பலிபீடத்தின்மேலும் பாதியை மக்கள்மேலும் தெளித்தார் என்பது யாத்திராகமம் கூறும் வரலாறு. ஒரே இரத்தம் இருபாலார்மேலும் விழுந்தமையால் அவர்கள் உறவினராயினர்.

எருசலேமில் நடந்தது

அவ்வுறவை மக்கள் எவ்வாறு காத்தனர்? இதனை அறிய எரேமியா நூலின் 34ஆம் அதிகாரத்தைப் பார்த்தல் வேண்டும். நாம் அறிந்த அளவில், வேதாகமத்திலே மனிதரின் உள்ளத்தை இதனினும் நுணுக்கமாகக் காட்டும் பகுதிகள் சிலவே.

கி.மு. 588ஆம் ஆண்டளவில் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டது. எபிரேய அடிமை ஆறாண்டு உழைத்தபின், ஏழாம் ஆண்டில் விடுதலை பெறவேண்டும் என்பது மோசேயின் சட்டம். செல்வர் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தாதிருந்தனர். இப்பொழுது பகைவர் மதிற்புறத்தே நிற்க, அரசன் சிதேக்கியா எல்லா எபிரேய அடிமைகளையும் விடுவிப்பதென்று மக்களோடு உடன்படிக்கை செய்தான். ஆலயத்திலே கன்றொன்றைப் பிளந்தனர். பிரபுக்களும் குருக்களும் பொதுமக்களும் அதன் நடுவே நடந்தனர். அடிமைகள் ஆணும் பெண்ணுமாகத் தம் வீடு திரும்பினர்.

அந்நிலையில் எகிப்தியப் படை புறப்பட்டு வருகிறது என்ற செய்தி பரவிற்று. பாபிலோனியர் முற்றுகையை விட்டு அகன்றனர். நகரம் மூச்சு விட்டது. அச்சம் நீங்கியதும் அச்செல்வர் செய்ததென்ன? விடுவித்த அடிமைகளைத் திரும்பப் பிடித்து வந்து, முன்போலவே வேலையிலிட்டனர்.

எரேமியாவின் சினம் அப்பொழுது மூண்டது. நீங்கள் அயலானுக்கு விடுதலை கூறாமையால், உங்களை நான் வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் ‘விடுதலை’ செய்கிறேன் என்பதே அவர் வாயிலாகப் பிறந்த இறைவாக்கின் கருத்து. கன்றின் நடுவே நடந்தவர் அக்கன்றாகவே ஆவர் என்றார். பாபிலோனியர் மீண்டும் வந்தனர். சில காலத்திற்குள் நகரமும் ஆலயமும் எரிந்தன. சிதேக்கியாவின் புதல்வர் அவன் கண்முன்னே கொல்லப்பட்டனர். பின்பு அவன் கண்கள் பிடுங்கப்பட்டன.

இங்கே முறிந்த உடன்படிக்கை யாரைப் பற்றியது என்பதை நோக்குக. பலியில் வந்த குறையோ, தொழுகையில் வந்த குறையோ இங்கே குற்றமாகக் கூறப்படவில்லை. வீட்டு வேலைக்காரருக்குச் செய்த வஞ்சனையே கடவுளோடு செய்த உடன்படிக்கையை முறித்ததாக எண்ணப்பட்டது. மேலே ஒரு கயிறும் கீழே ஒரு கயிறுமாக இரண்டு இல்லை, உள்ளது ஒன்றே. ஆபத்தில் நேர்ந்து, ஆபத்து நீங்கியதும் மறந்துபோகும் இயல்பு எருசலேமியருக்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய முறிவைக் கண்ணாரக் கண்ட எரேமியாவின் பெயராலுள்ள அதே நூலின் 31ஆம் அதிகாரத்திலேதான், ‘புதிய உடன்படிக்கை’ என்னும் சொற்றொடர் எபிரேய வேதத்தில் ஒரேயொரு முறை வருகிறது. முன்னதைப் போலக் கல்லில் எழுதாது, மக்கள் நெஞ்சிலேயே கடவுள் தம் சட்டத்தை எழுதும் நாள் வரும் என்பது அப்பகுதியின் கருத்து. ஒருவருக்கொருவர் கடவுளை அறியும்படி போதிக்க வேண்டிய தேவை அப்பொழுது இராது, குற்றம் மன்னிக்கப்படும். நம் கேள்விக்கு இங்கே விடையின் முதற்கீற்றுத் தோன்றுகிறது. ஒரு பக்கம் முறித்துவிட்டது. மறுபக்கமோ விலகிச் செல்லாமல், முறித்தவனின் உள்ளத்தையே திருத்த முற்படுகிறது.

கிண்ணமும் மரணசாசனமும்

இயேசு கொல்லப்படுவதற்கு முந்திய இரவு, தம் சீடரோடு உண்ட இறுதி விருந்தில் திராட்சரசக் கிண்ணத்தை எடுத்து, இது தம் இரத்தத்தினாலாகும் புதிய உடன்படிக்கை என்னும் கருத்துப்படக் கூறினார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலும் லூக்காவின் சுவிசேஷத்திலும் இச்செய்தி உள்ளது. சீனாயில் தெளிக்கப்பட்ட இரத்தம், எரேமியா கூறிய நெஞ்செழுத்து ஆகிய இரண்டும் அக்கிண்ணத்தில் வந்து கூடின என்பது கிறிஸ்தவரின் நம்பிக்கை. ஆபிராமின் முன்னே பிளவின் நடுவே நடந்தவர், மனிதர் முறித்த உடன்படிக்கையின் சாபத்தைச் சிலுவையிலே தாமே ஏற்றார் என்றும் அவர்கள் கூறுவர். திருச்சபைகளில் அப்பமும் இரசமும் பரிமாறப்படும்போது நினைவுகூரப்படுவது இதுவே.

எபிரேய வேதத்தைக் கிறிஸ்துவுக்கு முன்னரே அலெக்சாந்திரியாவிற் கிரேக்கமாக்கியோர், பெரீத் என்பதற்கு ‘தியாதேக்கே’ என்னும் சொல்லை எடுத்தனர். இருவர் சமமாக நின்று செய்யும் ஒப்பந்தத்துக்குக் கிரேக்கத்தில் ‘சுந்தேக்கே’ என்று வேறொரு சொல் இருந்தது. அதனை அவர்கள் பெரும்பாலும் தவிர்த்தனர். தியாதேக்கே என்பதோ, ஒருவர் தம் விருப்பப்படி எழுதிவைக்கும் மரணசாசனத்தையும் குறிக்கும். எபிரெயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் இவ்விரு பொருளையும் இணைத்து, சாசனம் எழுதியவர் இறந்தபின்னரே அது பலிக்கும் என வாதிக்கிறது. நம் தமிழ் வேதாகமமும் அங்கே ‘மரணசாசனம்’ என்றே எழுதுகிறது. இலத்தீனில் இச்சொல் ‘தெஸ்தமெந்தும்’ ஆயிற்று. ஆங்கிலப் பெயர் அதனின்றும் வந்தது. தகப்பனார் எழுதிவைத்த சாசனத்திலே பிள்ளை பேரம் பேசுவதில்லை, பெற்றுக்கொள்கிறான். கொடையும் கடமையும் பிணைந்த இச்சொல்லின் வரலாற்றையே, ‘ஏற்பாடு’ என்னும் எளிய பெயர் தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது.

பழையது கழிந்ததா?

புதியதொன்று வந்தமையால் பழையது கழிந்ததா? கிறிஸ்தவ உலகம் இக்கேள்வியில் நெடுங்காலம் தடுமாறியது. 2ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் எபிரேய வேதத்தை முற்றாக ஒதுக்கிவிட முயன்றார். உரோமைத் திருச்சபை அவரைக் கி.பி. 144இல் விலக்கிற்று. ஆயினும், யூதருடைய உடன்படிக்கை செல்லாததாகிவிட்டது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியது. பிரான்சிலுள்ள ஸ்திராஸ்பூர்க் பேராலயத்தில் 1230ஆம் ஆண்டளவில் செதுக்கப்பட்ட இரு பெண்ணுருவங்கள் அதற்குச் சான்று. முடியணிந்து நிமிர்ந்து நிற்பவள் திருச்சபை. கண் கட்டப்பட்டு, முறிந்த ஈட்டியோடு தலைகுனிந்து நிற்பவள் யூதர் சபை. கல்லிலே இவ்வாறு செதுக்கிய எண்ணம் யூதர்மேல் வெறுப்பாகவும் வன்முறையாகவும் பல நூற்றாண்டுகள் பாய்ந்தது.

உரோமர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்திலே பவுல், கடவுளின் அழைப்பு மாறாதது என்று தம் இனத்தாரைக் குறித்தே எழுதியிருந்தார். ஐரோப்பாவில் யூதர் ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் கொன்றழிக்கப்பட்ட கொடுமைக்குப் பின்னரே பலர் அவ்வரிகளை மீண்டும் ஊன்றிப் படித்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியிட்ட ‘நொஸ்த்ரா எத்தாத்தே’ என்னும் அறிக்கை, யூதரைக் கடவுளால் தள்ளுண்டவராகக் காட்டலாகாது என்று கூறிற்று. 1980ஆம் ஆண்டு ஜேர்மனியின் மைன்ஸ் நகரிலே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் நீக்கப்படாதது என்னும் கருத்தை எடுத்துரைத்தார்.

இது யூதருக்குக் காட்டிய சலுகை என்று எண்ணுதல் தவறு. கிறிஸ்தவரின் நம்பிக்கையே இதில் தங்கியிருக்கிறது. மக்கள் தவறியதால் முதல் உடன்படிக்கையைக் கடவுள் கைவிட்டிருந்தால், இரண்டாவதைக் கைவிடமாட்டார் என்பதற்கு உறுதி யாது? அயலானின் சாசனத்தைக் கிழித்தெறிபவன், தன் சாசனமும் வெறுங்கடதாசியே என்று ஒப்புக்கொண்டவனாகிறான்.

உடன்படிக்கையைத் தனியுரிமைப் பத்திரமாகக் கொண்டோர் வேறிடத்தும் உளர். தென்னாபிரிக்காவில் 1838ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி நிகழ்ந்த போருக்கு முன், வெள்ளைக் குடியேறிகள் கடவுளோடு பொருத்தனை செய்தனர். அந்நாள் பிற்காலத்தில் ‘உடன்படிக்கை நாள்’ எனக் கொண்டாடப்பட்டு, நிறவெறி ஆட்சிக்குச் சமயத் துணையாயிற்று. 1995 முதல் அது ‘நல்லிணக்க நாள்’ ஆகியுள்ளது. உங்களைத் தெரிந்துகொண்டமையாலேயே உங்கள் குற்றத்தை விசாரிப்பேன் என்னும் கருத்தினை ஆமோஸ் தீர்க்கதரிசி அன்றே கூறியிருந்தார். தெரிந்துகொள்ளப்பட்டோர்க்குக் கணக்கும் கடுமையானதே.

வீட்டிலும் உடன்படிக்கை

இக்கருத்து குடும்பத்தையும் தொடுகிறது. கத்தோலிக்கரின் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருமணத்தை ஒப்பந்தம் என்றே வரையறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1055ஆம் பிரிவு, ஒப்பந்தம் என்ற சொல்லை முற்றாக விலக்காவிடினும், ‘உடன்படிக்கை’ என்று தொடங்குகிறது. மெதடிஸ்த சபையாரோ, ஜோன் வெஸ்லி 1755ஆம் ஆண்டு தொடக்கிய உடன்படிக்கை ஆராதனையைப் புத்தாண்டை ஒட்டி நடத்துவர். தாம் விரும்பும் பணியையேயன்றி விரும்பாத பணியையும் ஏற்பதாக அங்கே ஒவ்வொருவரும் கூறுகின்றனர். ஆண்டுதோறும் புதுப்பிப்பதன் காரணம் வெளிப்படை: ஆண்டுதோறும் தவறுகின்றோம்.

இளைஞர் நினைவில் இருத்தத்தக்க கதையொன்றைக் கூறி முடிப்போம். சவுல் அரசனின் மகன் யோனத்தானும் இடையனாயிருந்த தாவீதும் நண்பராய் உடன்படிக்கை செய்தனர். தன் குடும்பத்துக்கு என்றும் தயவு காட்டவேண்டும் என்று யோனத்தான் கேட்டிருந்தான். சவுலோ தாவீதைக் கொல்லத் தேடினான். பின்பு சவுலும் யோனத்தானும் போரில் மடிந்தனர், தாவீது அரசனானான். பழைய அரசனின் வழித்தோன்றலைக் கொன்றொழிப்பது அக்காலத்து வழக்கம். சவுல் வீட்டில் எவரேனும் எஞ்சியுளரா என்று தாவீது தேடியபோது, மேவிபோசேத் என்னும் யோனத்தானின் மகன் அகப்பட்டான். ஐந்து வயதிலே, தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து, இரு கால்களும் முடமானவன் அவன். நடுநடுங்கி வந்து விழுந்தவனைத் தாவீது எழுப்பி, பாட்டனின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, நாடோறும் தன் பந்தியிலே உண்ணச் செய்தான்.

யோனத்தான் இறந்துவிட்டான், அவன் கேட்ட வாக்கை நினைவூட்ட எவருமில்லை. ஒப்பந்தமாயின் அன்றே முடிந்திருக்கும். எபிரேயர் இத்தகைய மாறாத அன்பை ‘ஹெஸெத்’ என்பர். பிரதிபலன் கருதாது, கேட்பாரின்றியும், கொடுத்த சொல்லைக் காத்து நிற்கும் அன்பு அது. பழைய ஏற்பாடு என்னும் பெயரை அடுத்த முறை காணும் மாணாக்கர், அரசனின் பந்தியில் அமர்ந்துண்ணும் அம்முடவனையும், எருசலேமிலே மீண்டும் பிடித்துச் செல்லப்பட்ட அவ்வடிமைகளையும் ஒருங்கே நினைப்பாராக.